உணவும் நாவின் ஒழுக்கமும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே, அன்புக்குரிய இளைஞர்களே, யுவதிகளே!

மட்டக்களப்பு வாவியோரம் வாழும் தமிழரையும் முஸ்லிம்களையும் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’ என்று நம் மூத்தோர் கூறுவர். உறவைச் சொல்வதற்கும் உணவையே உவமையாகக் கொண்ட மண் இது. நோன்புக் கஞ்சியும் பெருநாள் வட்டிலப்பமும் மதில் தாண்டி அயல்வீட்டுக்குச் செல்வது நம் வழக்கம். இன்று அவ்வழக்கம் கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்திருக்கின்றது. வாவி இறாலைக் கறியாக்கும் முறையையும் வட்டிலப்பம் அவிக்கும் பக்குவத்தையும் நம் பிள்ளைகள் படம் பிடித்து முகநூலிலும் யூடியூப்பிலும் இடுகின்றனர். தாம் அறிந்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பது நற்செயலே.

ஆனால், அதன் கீழே வந்து விழும் சொற்கள் உள்ளத்தை வருத்துகின்றன. ஒருவர் உணவை அருவருப்பாகப் பேசுகின்றார். இன்னொருவர் சமைத்தவரின் நிறத்தையும் உடலையும் பழிக்கின்றார். மற்றொருவர் அவரைப் பெற்றவர்களையே ஏசுகின்றார். ஏசுபவர்களுள் தொழுகையாளிகளின் பிள்ளைகளும் உள்ளனர் என்பதுதான் நம்மைத் தலைகுனிய வைக்கின்றது.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை என்றும், விருப்பமானால் உண்பார்கள், விருப்பமில்லையேல் விட்டுவிடுவார்கள் என்றும் அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அன்னை மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் ஒருமுறை பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் அண்ணலார் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரழி) வினவினார்கள். ஹராம் அல்ல, தமது சமூகத்தாரின் பூமியில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று மட்டும் அண்ணலார் விளக்கினார்கள். பின்னர் காலித் (ரழி) அதை உண்டார்கள், அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொன்னார்கள். உண்டவரையோ சமைத்தவரையோ ஒரு சொல்லாலும் நோகடிக்கவில்லை. சுவையில் வேறுபடுவோருக்கு இதைவிடச் சிறந்த ஒழுக்கம் எங்கே உண்டு?

அன்பர்களே! உணவைப் பற்றிய பேச்சுத்தானே, இதில் என்ன பெரிய தீங்கு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் அயல் நகரான அம்பாறையில் நடந்ததை நினைவுகூருங்கள். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அங்கிருந்த முஸ்லிம் உணவகமொன்றில் பரிமாறப்பட்ட உணவில் ஏதோ கட்டியாகக் காணப்பட்டது. அதை மலட்டு மாத்திரை என்று கூறிக் கூட்டம் திரண்டது. சிங்களம் சரளமாக அறியாத கடைக்காரர் அச்சத்தில் உதிர்த்த அரைகுறைச் சொற்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காணொளியில் பரப்பப்பட்டன. உணவகம் நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. ஆண்களையோ பெண்களையோ நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்று மருத்துவத்துறையினர் விளக்கினர். அந்தக் கட்டி வெறும் மாவுப்பொருளே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரும் அறிவித்தார். உண்மை வந்து சேர்ந்தபோது கடை உடைந்து கிடந்தது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையில் வேறொரு சம்பவத்தின் பின்னர் வன்முறை வெடித்தது. அப்போதும் அம்பாறைப் பொய் வெறுப்பைப் பெருக்கப் பயன்பட்டது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது; மறுநாள் முகநூல் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. உணவின் மீது சுமத்தப்பட்ட ஒரு பொய் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தன் உடலால் அனுபவித்த சமூகம் நாம். அத்தகைய நாமே இன்னொருவரின் அடுப்படியைப் பார்த்து ஆராயாமல் வசைபாடலாமா? கேள்விப்பட்ட செய்தியை ஆராயுமாறும், ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தார் பரிகசிக்க வேண்டாமென்றும் சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகின்றதே!

ஏசப்பட்ட சகோதரியே, சகோதரரே! உங்களிடம் வரும் சொற்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, திருத்தம். வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பாலின் அளவு பிழை என்று ஒருவர் கூறினால், தொனி கடுமையாயினும் ஏற்றுக்கொள்ளுங்கள், நன்றி கூறுங்கள். உண்ணும் பொருளில் ஹலால் பற்றிய ஐயத்தை எழுப்பினால் தெளிவுபடுத்துங்கள்.

இரண்டாவது, வெறும் ஏச்சு. யூதர்களில் சிலர் ஸலாமைத் திரித்து மரணத்தைச் சாபமாகச் சொன்னபோது ஆயிஷா (ரழி) அவர்கள் சினந்து பதிலுரைத்தார்கள். அண்ணலாரோ அவர்களை அமைதிப்படுத்தி, அல்லாஹ் எல்லாக் காரியங்களிலும் மென்மையை விரும்புகின்றான் என்பதை உணர்த்தினார்கள். தாம் சொன்ன பதில், உங்கள் மீதும் என்னும் அளவோடு நின்றது. ஏச்சுக்குப் பதில் ஏச்சு எழுதினால் இரவுத் தூக்கமும் தஹஜ்ஜுத் தொழுகையும்தான் போகும். அழித்துவிடுங்கள், தடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பொய்யும் மிரட்டலும். இங்கே மௌனம் பொறுமையாகாது. அம்பாறைப் பொய்யை உடைத்தது கூச்சல் அல்ல, சான்று. எழுதப்பட்டதை அழியுமுன் படமெடுத்து வையுங்கள். பெற்றோரிடம் கூறுங்கள். தேவையாயின் பொலிஸில் முறையிடுங்கள். பொலிஸ் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு இதற்கெனவே உள்ளது.

பெற்றோர்களே! மகள் ஏசப்பட்டதாகக் கூறி அழுதால், “நீ ஏன் போட்டாய்?” என்று முதலில் அவளையே குற்றவாளியாக்காதீர்கள். அடுத்த முறை அவள் உங்களிடம் வரமாட்டாள். மிரட்டுபவனுக்குத் தேவையும் அதுவே. மகனின் விரல்கள் இரவில் யாரை நோக்கி என்ன எழுதுகின்றன என்பதையும் விசாரியுங்கள். வீட்டிலே உம்மா வைத்த கறியில் உப்புக் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிடும் வாப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளை, வெளியிலும் அதையே செய்யும்.

இளைஞர்களே! எழுதியதை அனுப்புமுன், அது உங்கள் உம்மா சமைத்த சோற்றைப் பற்றியதாக இருந்தால் பொறுப்பீர்களா என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் விரல்களையும் பிறரை நோகடிப்பதிலிருந்து காப்பாயாக! எங்கள் அடுப்படிகளில் பரக்கத்தையும், எங்கள் அயலவரோடு நல்லுறவையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.