கல்வி எதற்காக? பின்நவீனத்துவர் எழுப்பிய ஐயம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எதற்காக என்னும் வினாவுக்கு விடை எளிதெனவே பலரும் எண்ணுவர். கற்றவன் அறியாமை நீங்கி உரிமை பெறுவான் என்பர் சிலர். அறிவு அறிவின்பொருட்டே தேடற்பாலது என்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளும் என்றுமுள்ளவை அல்ல, குறிப்பிட்ட காலத்திலும் நாட்டிலும் உருவானவை என்றும், அவற்றின்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்றும் எடுத்துரைத்தவர் பிரான்சிய மெய்யியலாளர் லியோத்தார். பின்நவீனத்துவம் என்னும் பெயர் மெய்யியலில் நிலைபெற அவர் 1979 இல் வெளியிட்ட 'பின்நவீன நிலை' என்னும் சிறுநூலே பெரிதும் காரணமாயிற்று.

அந்நூல் பிறந்த வகை வியப்புக்குரியது. அது கனடாவிலுள்ள கியூபெக் மாகாண அரசின் பல்கலைக்கழக மன்றம் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பெற்ற ஓர் அறிக்கை. அறிவின் நிலை இக்காலத்தில் யாது என்பதே மன்றத்தின் வினா. கியூபெக்கில் நெடுங்காலம் பெரும்பாலும் திருச்சபையின் பொறுப்பிலிருந்த கல்வி, 1960களில் மிகவிரைவாக அரசின் கைக்கு மாறிற்று. 1964 இல் கல்வி அமைச்சு நிறுவப்பட்டது. பழைய நோக்கம் நீங்கிய இடத்தில் அமர வேண்டிய புதிய நோக்கம் யாது என அந்நாட்டார் தேடியது இயல்பே.

ஒரு சமுதாயம் தன் செயல்களுக்கெல்லாம் நியாயம் காட்டச் சொல்லிக்கொள்ளும் கதையைப் 'பெருங்கதையாடல்' என மொழிபெயர்ப்பர். கொங்குவேளிர் யாத்த காப்பியத்தை நேயர்கள் இங்கு நினைத்தல் வேண்டா. கல்விக்கு இத்தகைய கதைகள் இரண்டு இருந்தன என்பது லியோத்தாரின் கருத்து. ஒன்று செர்மனியில் வளர்ந்தது. 1810 இல் பேர்லின் பல்கலைக்கழகம் தோன்றுதற்கு வழிகோலிய ஹும்போல்ட் போன்றோர், அறிவெல்லாம் ஒன்றாய் இணைந்து முழுமை எய்தும் என நம்பினர். மற்றொன்று பிரான்சுக்கு உரிய விடுதலைக் கதை. கல்வி அமைச்சர் யூல் பெரியின் முயற்சியால் 1881, 1882 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும், கட்டாயமாகவும், சமயச் சார்பற்றதாகவும் ஆக்கின. உழவன் மகனும் எழுத்தறிந்து குடிமகன் ஆவான் என்பதே அக்கதையின் சாரம்.

அக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதே யூல் பெரி 1885 இல் பாராளுமன்றத்தில் பேசுகையில், உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டென வாதிட்டார். லியோத்தார் 1950 முதல் 1952 வரை அல்சீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில் ஆசிரியராய் இருந்தவர். பின்னர் அந்நாட்டின் விடுதலைப் போரைப் பற்றிக் கட்டுரைகள் பல வரைந்தவர். பிரான்சிய ஆட்சியில் அங்கு முஸ்லிம் சிறுவருட் பெரும்பாலார் பள்ளி வாசலை மிதியாதிருந்த காலம் அது. விடுதலை தருவோம் என்னும் வாக்கும், அதைத் தாராத பள்ளியும் அருகருகே நின்றதைக் கண்டவருக்கு ஐயம் பிறந்ததில் புதுமை யாதுமில்லை.

பள்ளிக்குள்ளே நிகழ்வதை ஆராய்ந்தவர் பூக்கோ. மாணவனை வரிசையில் அமர்த்தி, பரீட்சித்து, புள்ளியிட்டு, பதிவேட்டில் எழுதும் முறையால் அவன் அளக்கவும் ஒப்பிடவும் படும் பொருளாகின்றான் என 1975 இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டினார். படைமுகாமும் சிறைச்சாலையும் கையாளும் முறையும் அதுவே என்றார்.

பழைய கதைகள் ஒழிந்த இடம் வெறுமையாய் இருந்துவிடவில்லை. வினைத்திறன் என்னும் அளவுகோல் அங்கு வந்தமர்ந்தது. 'இது உண்மையா?' என்று கேட்ட இடத்தில், 'இதனாற் பயன் யாது? இது விலைபோகுமா?' என்னும் கேள்விகள் எழுகின்றன என்றார் லியோத்தார். கணினிகளின் தரவுக் களஞ்சியங்களே வருங்காலக் கலைக்களஞ்சியங்கள் ஆகும். நிறுவப்பட்ட அறிவை ஒப்புவித்தலில் பேராசிரியர் அவற்றினும் வல்லவராகார் என்றும் அவர் கணித்தார். கையடக்கக் கருவியிடம் மாணவர் விடை கேட்கும் இந்நாளில் அக்கூற்றை மிகையென எவரும் தள்ளமாட்டார். அக்களஞ்சியங்களைப் பொதுமக்களுக்குத் தடையின்றித் திறந்துவிட வேண்டும் என்பதும் அவர் கோரிக்கை.

நோயை அறிந்த அளவுக்கு மருந்து வலியதன்று. ஒருமித்த கருத்தை நாடாது, வழக்கிலுள்ள விதிகளை மீறிப் புதியன காண்பதே அறிவின் பணி என்கிறார் லியோத்தார். ஆய்வுகூடத்து அறிஞனுக்கு இது பொருந்தும். எழுத்தே அறியாத பிள்ளைக்கு எந்த விதியை மீறக் கற்பிப்பது? நவீனத்துவம் முடிவுறாத பணி என 1980 இல் பிராங்க்பேர்ட்டில் ஆற்றிய உரையில் ஹபர்மாஸ் வாதிட்டதன் நியாயம் இங்குதான் புலப்படுகின்றது. விடுதலை என்னும் வாக்கை நம்பி ஏமாந்தவர் அதனைக் கைவிடலாம்; இன்னும் அது கிட்டாதவர் அதனைக் கேட்டுப் பெறவே விரும்புவர்.

லியோத்தார் 1970களில் கற்பித்த வென்சேன் பல்கலைக்கழகமே இதற்குச் சான்று. 1968 ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியின் பின், பாரிசு நகரின் விளிம்பிலுள்ள காட்டிலே தோன்றிய அந்நிலையம், புகுமுகத் தகுதியான பரீட்சையில் தேறாதவருக்கும் கதவு திறந்தது. பகலில் வேலை செய்தோர்க்கென மாலை வகுப்புகளும் நடந்தன. பெருங்கதைகள் நம்பிக்கை இழந்தன என்று கூறியவரின் நிலையத்தை, கல்வி தம்மை உயர்த்தும் என்ற நம்பிக்கையோடு தொழிலாளர் நாடி வந்தனர். 1980 இல் அக்கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பல்கலைக்கழகம் பாரிசுக்கு வடக்கேயுள்ள சென் தெனி நகருக்கு மாற்றப்பட்டு அங்கு நடைபெற்று வருகின்றது.