மயிலேறிய ராவுத்தன்



வைகை வடகரையில் கோரிப்பாளையத்தில் வளர்ந்தவன் நான். அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவதை முதன்முதலாகப் பார்த்தது என் கூட்டாளியுடைய அத்தாவின் தோளில் உட்கார்ந்துதான். தோல் மண்டியில் கணக்கெழுதிய அவரைத் தெருவே ராவுத்தர் என்று கூப்பிடும். "ராவுத்தர்னா குதிரைக்காரராமே, நீங்க ஓட்டுவீங்களா அத்தா?" என்று கேட்டேன். "எனக்கு சைக்கிளே தகராறு, பேசாம சாமியப் பாரு" என்றார். இன்று நாம் கூடியிருப்பது அந்தச் சொல்லுக்காகத்தான்.

வடமொழி 'ராஜபுத்ர' பிராகிருதத்தில் தேய்ந்து, மராத்தியில் ராவூத், கன்னடத்தில் ராவுத, தமிழில் இராவுத்தன் என்றானது. ராஜபுத்திரரும் ராவுத்தரும் ஒரே வேரின் கிளைகள். அரசன் மகனைச் சொன்ன சொல் தெற்கே வந்து குதிரை வீரனைச் சொன்னது; பிறப்பு உதிர்ந்து தொழில் நின்றது. இதன் சோடியையும் கவனியுங்கள். அசோகன் கல்வெட்டுகளில் உயர் அதிகாரியாக வரும் மகாமாத்திரர்தான் பேச்சில் தேய்ந்து, யானைமேல் ஏறி மாவுத்தன் ஆனார். அரண்மனையில் பிறந்த இரண்டும் லாயத்துக்கு வந்துவிட்டன என்று சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அது இறக்கமாகப் படவில்லை.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்கிறார். வளர்க்கத் தெரிந்த ஆள் இல்லையாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் கடல் கடந்து வந்த குதிரையைவிட அதைக் கையாளத் தெரிந்தவன் அரிதாக இருந்த நாட்டில், அவன் பெயர் பட்டமாகாமல் என்ன செய்யும்?

பட்டம் சாமிக்கும் போனது. கந்தரலங்காரத்தில் அருணகிரிநாதர் முருகனை இராவுத்தன் என்றே அழைக்கிறார். ஏறியிருப்பது மயில், குதிரையே இல்லை! செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் காவல் நிற்கும் முத்தால ராவுத்தன் முஸ்லிம். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து ராவுத்தர் வீடுகளிலோ மாப்பிள்ளையைக் குதிரையேற்றி ஊர்வலம் விடும் வழக்கம் உண்டு. அகராதி இந்தப் பொருள்களை ஒன்று, இரண்டு என்று வரிசையில் நிறுத்தும், ஒன்று செத்து மற்றது பிறந்ததுபோல. எங்கள் தெருவில் எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன.

மாணிக்கவாசகரின் ஊரான திருவாதவூர் பக்கத்தில் இருப்பதால், அவருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கிய கதையைப் பலரும் தொடுவீர்கள். ஒரு வேண்டுகோள்: கதையில் சிவன் குதிரை ஓட்டி வருகிறார் என்பதற்காக இராவுத்தன் என்ற சொல்லை மாணிக்கவாசகர் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கதைக்கு ஒரு வயது, சொல்லுக்கு ஒரு வயது.

மதியம் ஒரு பழைய ஜட்கா வண்டிக்காரர் வருகிறார். லகானுக்கும் லாடத்துக்கும் குதிரையின் நடைக்கும் அவர் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யாரும் அவரைத் திருத்த வேண்டாம். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.