முதலில் கொதிகலனைப் பாருங்கள்

1950-இல் இங்கிலாந்தின் ஆப்பிள்ஃபோர்டு கிராமத்தில் ஆர்தர் நாப்பர் என்ற விவசாயி தம்முடைய நீராவி இழுவை இன்ஜினை நண்பரின் இன்ஜினோடு பந்தயம் ஓட்டினார். ஜெயித்தவருக்கு ஒரு பீப்பாய் பீர். கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றவும் பாரம் இழுக்கவும் உழைத்த அந்த இன்ஜின்களின் வேலையை டிராக்டர் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. பல இன்ஜின்கள் பழைய இரும்பு விலைக்கே போயின. அந்தப் பந்தயத்தைத் தொடர்ந்து அவற்றைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, மறுபடி ஓடவைக்கும் ஆர்வம் பிரிட்டனில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. நம் ஊர்ச் சாலைகளில் உருண்ட நீராவி ரோடு ரோலரும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். இன்றும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் தம் முதல் இன்ஜினை வாங்கக் கிளம்புகிறார். அவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. கொதிகலனைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெரிய சுழல்சக்கரம், பித்தளைப் பளபளப்பு, புதுப் பெயிண்ட். இன்ஜின் பகுதியில் உள்ள கோளாறு எதுவும் வெகுகாலம் மறைந்திருக்காது. பேரிங் தேய்ந்தால் தட்டுகிற சத்தம் கேட்கும். பிஸ்டன் வளையம் போனால் ஆவி கசியும். இவற்றை அளந்து, வார்த்து, லேத்தில் கடைந்து சரிசெய்ய ஒரு நல்ல பட்டறை போதும். கொதிகலன் அப்படியல்ல. அதன் நெருப்புப் பெட்டியைச் சுற்றி நான்கு புறமும் தலைக்கு மேலும் நீர் நிற்கிறது. உள்தகட்டையும் வெளித்தகட்டையும் நூற்றுக்கணக்கான தாங்கு கம்பிகள் பிடித்து நிறுத்துகின்றன. ஈரச் சாம்பல் தேங்கும் அடிப்பகுதியில் கந்தகம் கலந்த அமிலம் தகட்டைத் தின்னும். நீர்ப்பக்கத்தில் உப்புப் படிவுக்கு அடியில் துரு குழி பறிக்கும். பழைய கொதிகலன்களில் உருளையின் தகடு விளிம்பின் மேல் விளிம்பாக ஏற்றி ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். அதனால் உருளை முழு வட்டமாக இராது. அழுத்தம் ஏறும்போதெல்லாம் அது வட்டமாக முயலும், இறங்கும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பும். இந்த ஓயாத அசைவு, இணைப்பின் ஓரத்தில், உள்பக்கத்தில் மெல்லிய பள்ளம் ஒன்றை உண்டாக்கிவிடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது; மேலே பூசிய பெயிண்ட் அதற்குச் சாட்சி சொல்லாது.

இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2001 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், மெடினா நகரின் பொருட்காட்சித் திடலில் ‘கேஸ்’ (Case) என்ற நிறுவனம் தயாரித்த பழைய இழுவை இன்ஜின் ஒன்று வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு வெகுவாக மெலிந்திருந்தது. நீர்மட்டம் தாழ்ந்ததும் அந்தத் தகடு குளிர வழியின்றிக் காய்ந்து, இளகிக் கிழிந்தது. சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் கொதிகலனுக்குள் இருக்கும் நீரின் வெப்பம் சுமார் 185 டிகிரி செல்சியஸ். தகடு திறந்த கணத்தில் அந்த நீரில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாக மாறுகிறது. நீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். பல டன் எடையுள்ள இன்ஜினைத் தூக்கி எறியும் பலம் அங்கிருந்து வருகிறது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் ஒஹாயோ மாநிலம் இத்தகைய பழைய கொதிகலன்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

உயிருக்கு அடுத்தது பணம். பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004-இல் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ற நீராவி ரயில் இன்ஜினை 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அது மீண்டும் ரயில் இழுத்தது 2016-இல். சீரமைப்புக்குப் போனது சுமார் 42 லட்சம் பவுண்டு. வாங்கிய விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிபுணர்களும் பட்டறையும் மக்களின் நன்கொடையும் கைவசம் இருந்த ஒரு தேசிய நிறுவனத்துக்கே இந்த நிலை. பிரித்துப் பார்த்த பிறகே பழுதின் ஆழம் தெரியவரும் என்பது இந்த வேலையின் இயல்பு. தனி மனிதர் ஒருவர், அதுவும் முதல் முறையாக இறங்குபவர், அந்தத் தெரியாத ஆழத்தின் பெரும்பகுதி எங்கே ஒளிந்திருக்கிறதோ அதை வாங்கும் முன்னரே அளந்துகொள்ள வேண்டாமா?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நல்ல கொதிகலன் உள்ள இன்ஜின் விலை அதிகம்; கையில் காசு குறைந்தவர் சிதிலமானதைத்தானே வாங்க முடியும், வேல்ஸ் நாட்டின் பேரி துறைமுகத்தில் அப்படித்தானே மீட்டார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே உட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கிடங்கில் கடற்காற்றில் துருப்பிடித்து நின்ற ரயில் இன்ஜின்களில் 213 மீட்கப்பட்டன. 1968-இல் முதல் இன்ஜின் வெளியேறியது. மனித முயற்சியின் அரிய சாதனை அது. அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலும் அவற்றை வாங்கியவர்கள் சங்கங்களாகச் சேர்ந்தவர்கள். பணத்தையும் உழைப்பையும் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்படியும் பல இன்ஜின்கள் நீராவி காண இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. சில இன்னும் நீராவி காணவில்லை. பேரி காட்டும் வழி கூட்டாகச் செய்பவர்களுக்கு உரியது. தனியாக நிற்கும் புதியவருக்கு மலிவான சிதிலம்தான் உள்ளதிலேயே விலை உயர்ந்த இன்ஜின்.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். கொதிகலன் கெட்டிருந்தால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்கிறவர்களைப் பார்த்து, அப்போது அது பழைய இன்ஜினாகவே இராது என்று சிலர் வருந்துகிறார்கள். ரயில்வேக்களின் நடைமுறை இந்த வருத்தத்தைத் தணிக்கும். பணிமனைக்கு வந்த இன்ஜினின் கொதிகலனைக் கழற்றி, தயாராக இருக்கும் வேறொன்றைப் பூட்டி அனுப்புவது அங்கே அன்றாட வேலையாக இருந்தது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனும் அப்படிப் பல கொதிகலன்களைக் கண்டதுதான். நம் பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்குப் பழைய வடிவிலேயே முழு இன்ஜின்களைப் புதிதாகக் கட்டியிருக்கிறது. ஆகவே புதுக் கொதிகலன் குற்றமல்ல. அதன் செலவை முன்பே கணக்கில் ஏற்றி, இன்ஜினின் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குபவர் செய்ய வேண்டியது இது. விற்பவருக்கு முன்பணம் தருவதற்கு முன், விற்பவரோடு தொடர்பில்லாத கொதிகலன் சோதகர் ஒருவருக்குக் கூலி தர வேண்டும். அவர் ஒலியலைக் கருவியால் தகட்டின் தடிமனை இடம் இடமாக அளப்பார். பிறகு கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். நீர் அமுக்கினால் சுருங்காது. ஆகவே பலவீனமான இடம் விட்டுக்கொடுத்தாலும் நீர் ஒழுகுவதோடு போகும், வெடிக்காது. பழைய சோதனைச் சான்றுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். சோதனைக்கே சம்மதிக்காத விற்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் வசதி இல்லாதவர்களுக்கு நான் மனமாரச் சொல்லும் வழி, கொதிகலனே இல்லாத ஒரு சிறிய நிலை இன்ஜினில் தொடங்குவது. ஆலையிலோ பண்ணையிலோ பம்பை ஓட்டிய சிறு இன்ஜின் அது. குறைந்த அழுத்தக் காற்றைக் கொடுத்தாலே சக்கரம் சுற்றும். பேரிங்கைச் சுரண்டிப் பொருத்துவது, வால்வின் நேரத்தைச் சரிசெய்வது, பிஸ்டன் கம்பியைச் சுற்றிக் கசிவடைப்பு வைப்பது எல்லாம் பெரிய இன்ஜினில் உள்ள அதே வேலைகள்தான். இதையெல்லாம் கையால் செய்து பழகியவர் பிறகு பெரிய இன்ஜினை விலை கேட்கப் போகும்போது, பெயிண்டில் கண்ணை வைக்க மாட்டார். நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து, விளக்கோடு உள்ளே தலையை நுழைத்துப் பார்ப்பார்.