புகலிடம் என்றொரு சொல்



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே விலங்குகளைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதுமையன்று. ஒரு நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுக்க வந்த தொல்காப்பியர், தெய்வம், உணவு என்பவற்றை அடுத்து விலங்கையும் மரத்தையும் பறவையையும் வைத்தார். அவற்றோடு ஒரே வரிசையில் அந்நிலத்து மக்களின் தொழிலையும் பறையையும் யாழையும் வைத்தார். விலங்கு வேறு, மரம் வேறு, மனிதர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அவுஸ்திரேலியாவிலே ஒரு சரணாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தபின் இந்த வரிசை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

2024ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையை மெல்பேண் நகரில் வாழும் என் தங்கை வீட்டில் கழித்தேன். நகரிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீற்றர் தொலைவில் ஹீல்ஸ்வில் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே, மலையடிவாரத்தில், அந்நாட்டுக்கே உரிய விலங்குகளைக் காப்பதற்கென்று 1934ஆம் ஆண்டு திறக்கப்பட்டதுதான் ஹீல்ஸ்வில் சரணாலயம். சிங்கமோ யானையோ அங்கே இல்லை. ஜீப் வண்டியில் ஏறிப் புழுதி பறக்கத் திரியும் நம்மூர்ச் சரணாலயம் போன்றதுமன்று. உயர்ந்த மரங்களின் நிழலில் நடந்து திரிந்தே பார்க்கலாம்.

முதலில் நாங்கள் கண்டது கோவாலா. நமது பாடப்புத்தகங்கள் கோலா கரடி என்று எழுதிவந்தபோதும் அது கரடி இனமே அன்று; கங்காருவைப் போலப் பையிலே குட்டியைச் சுமக்கும் இனம். யூக்கலிப்ரஸ் இலையைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் உண்பதில்லை. நமது மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களின் ஓரத்தில் நிற்கும் அதே யூக்கலிப்ரஸ்தான்; அந்த மரத்தின் தாயகம் அவுஸ்திரேலியா. எண்ணெயும் நாரும் நச்சுத்தன்மையும் கொண்ட அந்த இலையிலிருந்து கிடைக்கும் சத்து சொற்பம். ஆகவே நாளின் பெரும்பகுதியை அவ்விலங்கு உறங்கியே கழிக்கிறது. கிளைக் கவரில் உடலைச் செருகிக்கொண்டு தூங்கிய ஒன்றை அண்ணாந்து பார்த்த என் மருமகள், "மாமா, அதைத் தூக்கலாமோ?" என்று கேட்டாள். அந்த மாநிலத்தில் பார்வையாளர் கோவாலாவைத் தூக்குவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. நல்ல சட்டம் என்றே சொல்வேன். இதே விலங்கை 1927ஆம் ஆண்டு குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் அரசே அனுமதிகொடுத்து, தோலுக்காக ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையிற் கொல்லவிட்டது. 2022ஆம் ஆண்டு அதே மாநிலத்தில் அது அழியும் ஆபத்துக்குள்ளான இனம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து இருட்டான ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தோம். கண் இருளுக்குப் பழகும்வரை சுவரைத் தடவிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர். அதனுள்ளே, ஒரு முழ நீளத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ, கபிலநிற மயிர் போர்த்த உருவம் ஒன்று மேலும் கீழுமாக ஓயாமற் சுழன்றது. வாத்தின் அலகு, நீர்நாயின் உடல், தட்டையான வால், விரலிடைச் சவ்வுள்ள கால்கள். அதுதான் பிளற்றிப்பஸ்.

நீருள் மூழ்கும்போது இந்த விலங்கு கண்ணையும் காதையும் மூக்கையும் மூடிக்கொள்கிறது. பிறகு எதைக்கொண்டு இரை தேடுகிறது? நீர்ப்புழுவோ இறாலோ அசையும்போது அதன் தசையிலிருந்து எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை அந்த அலகு உணர்ந்துகொள்கிறது. ஆணின் பின்னங்காலில் நஞ்சு பாய்ச்சும் முள் ஒன்றும் உண்டு. முட்டையிடுகிறது, ஆனால் பொரித்து வரும் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறது. அந்தப் பாலுக்கும் முலைக்காம்பு கிடையாது. தாயின் வயிற்றுத் தோலிற் கசிவதைக் குஞ்சு உறிஞ்சிக்கொள்கிறது.

குஞ்சு என்றேன். இது சரிதானா? தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தந்து, எதற்கு எது உரியது என்றும் வகுக்கிறது. முட்டையிலிருந்து வருவதால் பறவைக்குரிய பார்ப்பு என்ற பெயரைக் கொடுக்கலாமா, பால் குடிப்பதால் குட்டி என்பதா, பறழ் என்பதா? மாணவரிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும். ஐரோப்பிய அறிஞர்களும் அப்படித்தான் சண்டை பிடித்தார்கள். 1799ஆம் ஆண்டு இலண்டனில் இதன் தோலைப் பார்த்து முதலில் விவரித்த ஜோர்ஜ் ஷோ என்பவர், யாரோ வாத்தின் அலகை வேறொரு விலங்கிற் பொருத்தி ஏமாற்றுகிறார்களோ என்று ஐயுற்றார். இது முட்டையிடுமா, குட்டி போடுமா என்ற வாதம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1884ஆம் ஆண்டு வில்லியம் கால்ட்வெல் என்ற இளம் ஆய்வாளர் குயீன்ஸ்லாந்து ஆற்றங்கரை ஒன்றில் முட்டையைக் கண்டு தந்தி அடித்தபின்னரே வழக்கு முடிந்தது. அவருக்காக ஆற்றங்கரையிலே தேடியவர்கள் ஆதிக்குடி மக்கள். இது முட்டையிடும் என்று அம்மக்கள் எப்போதோ சொல்லியிருந்தார்கள். காட்டுவாசிகளின் கதை என்று அறிஞருலகம் அதைத் தள்ளிவைத்திருந்தது.

பெயர்களின் கதையும் இப்படிப்பட்டதே. வந்தேறிய வெள்ளையர் தமக்குத் தெரிந்ததைக்கொண்டு தெரியாததற்குப் பெயரிட்டனர். மரத்தில் ஏறினால் கரடி. முதுகிற் கோடிருந்தால் புலி. ஆனால் கோவாலா, வொம்பற், டிங்கோ என்ற பெயர்கள் சிட்னிப் பகுதியில் வாழ்ந்த தருக் மக்களின் மொழியிலிருந்து வந்தவை. கங்காரு என்பது வடக்கே கூகு யிமித்திர் மொழிச்சொல். 1770ஆம் ஆண்டு கப்டன் குக்கின் கப்பல் அங்கே பழுதுபார்க்க நின்றபோது குறித்துக்கொள்ளப்பட்டது. "எனக்குத் தெரியாது" என்று அங்குள்ளவர் சொன்னதையே வெள்ளையர் விலங்கின் பெயராக எழுதிக்கொண்டனர் என்ற வேடிக்கைக் கதை ஒன்று உலவுகிறதல்லவா? அது வெறும் கட்டுக்கதை. 1970களில் மொழியியலாளர் ஜோன் ஹவிலண்ட் அம்மக்களிடையே இருந்து ஆராய்ந்து, அது கங்காருவில் ஒரு வகைக்கு அவர்கள் இட்ட பெயரே என்று உறுதிப்படுத்தினார். தன் நிலத்து விலங்கின் பெயர் தெரியாத மனிதன் என்று ஒரு கதை இவ்வளவு காலம் நின்று நிலவியது நோக்கற்பாலது.

இந்தச் சரணாலயத்தின் தொடக்க காலத்துப் பணிப்பாளர்களுள் டேவிட் ஃபிளே என்பவரைக் குறிப்பிடாமல் விடமுடியாது. 1943-44இல் உலகிலேயே முதன்முறையாக ஒரு பிளற்றிப்பஸ், மனிதர் பராமரிப்பில் இங்கே குஞ்சு பொரித்தது. அது மீண்டும் இங்கே நிகழ்வதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தன என்றால் அவரது பொறுமையை ஊகித்துக்கொள்ளலாம். அதே 1943இல், உலக யுத்தத்தின் நடுவே, பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் தமக்கொரு பிளற்றிப்பஸ் வேண்டுமென்று கேட்டார்! ஃபிளேதான் ஒன்றைப் பழக்கிக் கப்பலேற்றினார். கரைசேர்வதற்குச் சில நாட்களே இருக்கையில் அது இறந்துபோயிற்று. பெரியவர்களின் ஆசைக்கு எளிய உயிர் எங்கும் இப்படித்தான்.

ஃபிளே இங்கே வருவதற்கு முன், 1933ஆம் ஆண்டின் இறுதியில், தஸ்மேனியத் தீவின் ஹோபார்ட் மிருகக்காட்சிச்சாலையில் ஒரு தஸ்மேனியப் புலியைப் படம் பிடித்தார். பிடித்துக்கொண்டிருக்கும்போது அது அவரைப் பின்புறத்திலே கடித்தும் விட்டது. ஆடுகளைத் தின்னுகிறது என்று சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று தஸ்மேனிய அரசு 1888 முதல் 1909 வரை பணம் கொடுத்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொல்வித்த விலங்கு அது. 1936 யூலையில் அதே அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. ஐம்பத்தொன்பது நாள் கழித்து, செப்ரெம்பர் 7ஆந் திகதி, அறியப்பட்ட கடைசித் தஸ்மேனியப் புலி அந்தக் கூண்டிலே செத்தது. ஒரு நிமிடம் அளவே ஓடும் ஃபிளேயின் கறுப்பு வெள்ளைப் படத்திலே அந்த இனத்து விலங்கு ஒன்று கொட்டாவி விடுவதை இன்றும் பார்க்கலாம்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 1909க்குப் பின் காணப்படாமல், அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட லெட்பீற்றர் பொசம் என்ற சிறு விலங்கு 1961ஆம் ஆண்டு இதே மலைக்காடுகளில் மீண்டும் கண்ணிற் பட்டது. உள்ளங்கையில் அடங்கும். முதிர்ந்த மரப்பொந்துகளிலே வாழ்வது. ஒரு மரத்தில் அத்தகைய பொந்து உண்டாக நூறாண்டுக்கு மேல் வேண்டும். 2009 பெப்ரவரி 7ஆந் திகதி மூண்ட பெருங்காட்டுத்தீயில் 173 மனிதர்கள் மாண்டார்கள். இதன் காட்டிலும் பெரும்பகுதி எரிந்தது. தீ நெருங்கியபோது சரணாலயத்தார் அருகிவரும் இனங்களை வண்டியேற்றி மெல்பேண் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர்கள் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்வதை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி, நான் சொல்ல வந்த விடயம்.

சரணாலயம் என்றால் சரண் புகும் இடம். இந்த மண்ணில் அதற்கு முன்பும் ஒரு புகலிடம் இருந்தது. தங்கள் நிலமெல்லாம் ஆட்டுப் பட்டிகளாகிவிட்ட பின்னர், வுருண்ட்ஜெரி மக்களும் அவர்தம் உறவுக் குடிகளும் சைமன் வொங்கா, வில்லியம் பராக் என்ற தலைவர்களின் பின்னே வந்து 1863ஆம் ஆண்டு இங்கே குடியமர்ந்தார்கள். இங்கே பூக்கும் ஒரு செடியின் பெயரால் அதற்குக் கொரண்டேர்க் என்று பெயரிட்டார்கள். காடு வெட்டி, வீடு கட்டி, பியர் வடிப்பதற்கு வேண்டிய ஹொப்ஸ் பயிரிட்டார்கள். அந்த விளைச்சல் 1881இல் மெல்பேண் சர்வதேசக் கண்காட்சியிலே முதற்பரிசு பெற்றது. நன்றாக விளைகிறது என்று தெரிந்ததும் அந்த நிலத்தின் மீது பிறர் கண் விழுந்தது. பராக்கும் அவரது மக்களும் மனு எழுதினார்கள். ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர் நடந்து நகருக்குச் சென்று அமைச்சர்களிடம் முறையிட்டார்கள். 1886ஆம் ஆண்டுச் சட்டம் 34 வயதுக்குட்பட்ட கலப்பினத்தவர்களை அங்கிருந்து வெளியேற்றியது. உழைக்கும் கைகள் போயின. பராக் 1903இல் இறந்தார். 1924இல் குடியிருப்பே மூடப்பட்டது. பெரும்பாலோர் தொலைவிலுள்ள வேறொரு குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார்கள். போகமாட்டோம் என்று ஒரு சில முதியவர்கள் மாத்திரம் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அந்நிலத்தில் 78 ஏக்கரைக் கொலின் மக்கென்சி என்ற வைத்தியர், நாட்டு விலங்குகளின் உடலமைப்பை ஆராய்வதற்குக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவ்விலங்குகள் விரைவில் அழிந்துவிடும் என்று அஞ்சியவர் அவர். அவரது வளவுதான் பின்னர் சரணாலயம் ஆயிற்று. அவர் அஞ்சியது நியாயம். சரணாலயம் செய்கின்ற பணியும் நல்ல பணி. ஆனால் விலங்குகள் அழியப்போகின்றன என்று கவலைப்பட்ட அதே ஆண்டுகளிலே அதே மண்ணிலிருந்து மனிதர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பதை நான் எந்த வகையில் வைத்துப் பார்த்தும் சமன்செய்ய முடியவில்லை. கருப்பொருளில் விலங்கையும் மரத்தையும் பறவையையும் எடுத்து வேலிக்குள் வைத்துக்கொண்டு, மிகுதியைத் துடைத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் இதைத் தங்கைக்குச் சொன்னேன். அவள் 1996இல் அகதியாக அந்நாட்டுக்குப் போனவள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணை, எங்களுக்கும் இஞ்சை இடம் தந்தவைதானே. ஆற்றை காணியிலை தந்தவை எண்டு நாங்கள் ஒருநாளும் கேக்கேல்லை" என்றாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த மைத்துனர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை.

1998ஆம் ஆண்டு கொரண்டேர்க் நிலத்தில் ஒரு பகுதி வுருண்ட்ஜெரி மக்களிடம் திரும்பவும் சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய பழைய சேமக்காலையும் அப்பகுதியிலே உண்டு. பராக் அங்கேதான் துயில்கிறார். நாங்கள் வந்த தெருவோரம், முட்கம்பி வேலிக்கு அப்பாற் புல்வெளியில், மாலை வெயிலிலே ஏழெட்டுக் கங்காருகள் மேய்ந்துகொண்டு நின்றன. அன்று நுழைவுச்சீட்டு இல்லாமல் நாங்கள் கண்டவை அவை மாத்திரமே.