ஒரே தந்தையின் குட்டிகள்

கண்காட்சியில் பரிசு வென்ற ஓர் ஆண் நாயிடமே பெண் நாய்களையெல்லாம் இணைசேர்க்கைக்குக் கொண்டுவரும் வழக்கம் தூய இன நாய் வளர்ப்பில் உலகெங்கும் உண்டு. பெண் நாய் தன் வாழ்நாளில் சில முறைகளே குட்டி ஈனும். ஆண் நாயோ நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகக் கூடும் என்பதால், அதனிடம் நோயாக வெளிப்படாமல் மறைந்திருக்கும் குறையுள்ள மரபணு சில தலைமுறைகளுக்குள் இனமெங்கும் பரவிவிடுகிறது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும் இத்தகைய பண்பை ஒடுங்கு பண்பு என்பர். அந்த நாயின் பேரக்குட்டிகள் ஒன்றோடொன்று இணையும் காலத்தில்தான் நோய் தலைகாட்டுகிறது. அதற்குள் இணைசேர வாய்ப்புக் கிடைக்காத மற்ற ஆண் நாய்களின் வழிகள் அற்றுப்போயிருக்கும். இழப்புகளில் பெரியது இதுவே.

பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு, ஐந்தாண்டுகளில் ஓர் இனத்தில் பதிவாகும் குட்டிகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாயின் வாரிசுகளாக இருத்தலாகாது என்று பரிந்துரைக்கிறது. ஆயிரம் குட்டிகள் பதிவாகும் இனத்தில் இது ஐம்பது குட்டிகள். சிற்றினங்களுக்கு இந்த வரம்பும் தாராளமானதே. மரபணுச் சோதனை வந்துவிட்டதால் வரம்பு தேவையில்லை என்று வாதிடுவோர், ஒரு பிரதி மட்டும் உடைய நாய்களையெல்லாம் ஒரேயடியாக விலக்கினால் இனம் மேலும் சுருங்கும் என்பதையும், குறையற்ற துணையோடு அவற்றை இணைத்தால் நோயுள்ள குட்டி பிறக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறையற்ற துணையே இனத்தில் எஞ்சாத நிலையும் உண்டு என்பதற்கு டால்மேஷன் சான்று. பெரும்பாலான பிற இன நாய்கள் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அல்லன்டாயின் என்னும் பொருளாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற, தூய டால்மேஷனோ அமிலத்தைப் பெருமளவு அப்படியே வெளியேற்றுகிறது. அது கல்லாகத் திரண்டு, சிறுநீர் வெளிவரும் குழாய் குறுகலான ஆண் நாய்களில் அடைத்துக்கொண்டால், உடனடிச் சிகிச்சையின்றி உயிரே போய்விடும். இதற்குக் காரணமான குறையை இனத்தின் எல்லா நாய்களும் இரு பிரதிகளாகச் சுமந்ததால், எந்த இரண்டை இணைத்தும் பயனில்லாமல் போயிற்று. 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள், பாய்ன்டர் இன ஆண் நாய் ஒன்றை டால்மேஷன் பெண் நாயோடு இணைத்து, நல்ல மரபணு பெற்ற வாரிசுகளை மட்டும் தலைமுறைதோறும் டால்மேஷன்களோடே மீண்டும் இணைத்தார். 1981இல் அமெரிக்க கென்னல் கிளப் அவற்றுள் இரண்டைப் பதிவு செய்தும், இன ஆர்வலர் சங்கத்தின் எதிர்ப்பால் பதிவு நின்றது. கதவு மீண்டும் திறந்தது 2011இல்தான். தூய்மை என்ற பெயரால் முப்பதாண்டுகள் அந்த நாய்களுக்கு வலி நீட்டிக்கப்பட்டது என்பதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

நல்ல மரபணு பெற்ற இன்றைய டால்மேஷன்களில் பெரும்பாலானவை அந்த ஒரே பாய்ன்டரின் வழிவந்தவை என்பதால், அவற்றுள்ளும் நான்கைந்து ஆண் நாய்களையே எல்லோரும் தேடிப்போகாமல், வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பெண் நாய்களின் வழியாகவும் அந்த மரபணுவைப் பரப்புவதே வளர்ப்போர் முன்னுள்ள வேலை.