லாரி இன்ஜினுக்கு ஹெவி வால்வு ஸ்பிரிங் தேவையா?

சோமனூர்ல இருந்து பேசறேன். இன்னைக்கு கோடிங் இல்லை, லாரி இன்ஜின். இங்கே காடாத் துணி லோடு அடிக்கிற ஒத்தை லாரிக்காரங்க நிறைய. இன்ஜின் ஹெட்டைக் கழட்டும்போதே “ஹெவி ஸ்பிரிங், ஹெவி புஷ்ராடு எல்லாம் போட்டுடலாமா?”ன்னு கேட்பாங்க. காசு போடறதுக்கு முன்னாடி எதுக்குன்னு தெரியணும்.

பழைய டாடா லாரிகள்ல வந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸையே எடுத்துக்குவோம். சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, மொத்தம் 12. கேம் ஷாஃப்ட் தள்ள, டேப்பெட், புஷ்ராடு, ராக்கர் வழியா வால்வு திறக்கும். மூடறது ஸ்பிரிங். 2,400 ஆர்பிஎம்ல ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 20 தடவை திறந்து மூடுது.

வேகத்துக்காக ஸ்பிரிங் மாத்தறது ரேஸ்காரங்க வேலை. லாரியில கவர்னர் அந்த ஆர்பிஎம்முக்கே விடாது. ஹெவி புஷ்ராடும் அப்படித்தான்.

ஆனா எக்ஸாஸ்ட் பிரேக் வேற கதை. மைசூர்ல இருந்து லோடோட திம்பம் இறங்கறீங்க, 27 கொண்டை ஊசி வளைவு. கால் பிரேக்கை மட்டும் நம்பினா டிரம் சூடாகி பிரேக் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை அடைக்குது; பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளறதால வண்டி மெதுவாகுது. அதே அழுத்தம் பக்கத்து சிலிண்டர்ல மூடியிருக்கிற எக்ஸாஸ்ட் வால்வைப் பின்னாடி இருந்து தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தா வால்வு தானா திறந்து, திரும்ப சீட்டுல போய் அடிக்கும். சீட் தேயும், ரொம்ப மோசமானா பிஸ்டனையே தொடும்.

அமெரிக்காவுல டாட்ஜ் வண்டிகள்ல இதே இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டும்போது 60 பவுண்டு ஸ்பிரிங் போடறது இதுக்காகத்தான். அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம் இருந்தா போதும்.

சாஃப்ட்வேர்ல ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணா அதை நம்பியிருக்கிற எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணுவோம். இங்கேயும் அதேதான். ஸ்பிரிங் விறைப்பானா கேமும் டேப்பெட்டும் கூடுதலா தேயும். அதனால தேவைக்கு மேல விறைப்பு வேண்டாம்.

முடிவா இதுதாங்க: எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டி மலைப்பாதை ஓட்டறவங்க எக்ஸாஸ்ட் ஸ்பிரிங்கை மாத்துங்க. சமவெளியிலேயே ஓட்டறவங்க பழைய ஸ்பிரிங்கை அளந்து பாருங்க, சரியா இருந்தா அதுவே போதும். ரெண்டு பேரும் டேப்பெட் செட்டிங்கை விட்டுடாதீங்க. இந்த இன்ஜினுக்கு, ஆறின நிலையில இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், அதான் அந்த இடைவெளி. ஃபீலர் கேஜ் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க.