வென்றவர் கல்லும் தோற்றவர் ஏடும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வரலாற்றையும் போரையும் பற்றிச் சில கூறுமாறு செயலாளர் பணித்தபோது யாம் தயங்கினோம். பள்ளியிறுதித் தேர்வுடன் கல்வியை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதி வாழ்கின்றோம். எனினும் கணக்கெழுதுவோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. வரவை மட்டும் நிறைய எழுதிச் செலவைக் காட்டாத ஏடு மேசைக்கு வந்தால் கையொப்பம் இடமாட்டோம். எதிர்ப்பக்கம் எங்கே என்று கேட்போம். அப்பழக்கம் தந்த துணிவிலேயே இங்கு நிற்கின்றோம்.

சென்ற ஆண்டு இதே மேடையில் கல்லூரி மாணவர் ஒருவர், கங்கை கொண்டதையும் கடாரம் வென்றதையும் கேட்போர் மெய்சிலிர்க்கப் பேசினார். யாமும் கைதட்டினோம், உரக்கவே தட்டினோம். விழா முடிந்து வெளியேறுகையில் கன்னட நண்பர் ஒருவர், சிரித்த முகத்துடனேயே, "உங்கள் அரசர்கள் தோற்றதே இல்லையா?" என்று வினவினார். விடை எமக்குத் தெரியும். ஆயினும் சொல்ல நா எழவில்லை. ஏதோ கூறிச் சமாளித்து வீடு சேர்ந்தோம். அன்று சொல்லாததை இன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

எம் ஊர் நாராயணவனம். புத்தூர் நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு செல்லவேண்டும். வடாற்காட்டில் இருந்த ஊர் 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஊர் ஓரடியும் நகரவில்லை. பெயர்ப்பலகைதான் மாறி மாறி எழுதப்பெற்றது.

வேங்கடவன் பத்மாவதித் தாயாரை மணந்த ஊர் அது என்பதை யாவரும் அறிவர். திருமணத்துக்கு மா அரைத்தது என்று காட்டப்பெறும் பெரிய திரிகை இன்றும் கோயிலில் உண்டு. கதை சொல்வோர் பெரும்பாலும் திருமணத்தோடு நிறுத்திவிடுவர். எம் பாட்டியார் நிறுத்தமாட்டார். பெண்ணைப் பெற்ற ஆகாசராசன் மறைந்தபின், அவன் தம்பி தொண்டைமானுக்கும் மகன் வசுதானனுக்கும் நாடு யாருக்கு என்று பூசல் மூண்டது. இருவரும் மலையேறி வந்து உதவி வேண்டினர். மாப்பிள்ளையாகிய இறைவன் என் செய்வான்? தன் சங்கையும் சக்கரத்தையும் தொண்டைமானுக்குக் கொடுத்துவிட்டு, தான் மைத்துனன் பக்கம் நின்றான். போர்க்களத்தில் அவன் கொடுத்த சக்கரமே அவனைத் தாக்கிற்று, மயங்கி வீழ்ந்தான். பத்மாவதியார் களத்துக்கு வந்து அழுதபின்னரே போர் நின்று நாடு இரண்டாகப் பங்கிடப்பட்டது. பாட்டியார் இவ்விடத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இரண்டு பக்கமும் உறவு உள்ளவனுக்கு அடி தப்பாதடா" என்பார். சிறுவயதில் அது எமக்கு விளங்கவில்லை.

இது புராணம். இனி, கல்லிலும் செப்பேட்டிலும் சான்றுள்ள போர் ஒன்றுக்கு வருவோம். அதுவும் எம் ஊருக்கு அயலிலேயே நிகழ்ந்தது. புத்தூரில் வண்டியேறினால் ஏகாம்பரகுப்பம், திருத்தணி, அப்பால் அரக்கோணம். அங்கிருந்து செங்கற்பட்டுப் பாதையில் தக்கோலம் என்னும் சிறு நிலையம் வரும். ஞானசம்பந்தர் பாடிய திருவூறல் என்னும் தலம் அதுவே. கி.பி. 949இல் அங்கே சோழப் பெரும்படை முறிந்தது.

அரியணையில் முதற் பராந்தகன் இருந்தான். வடக்கேயிருந்து இடர் வரும் என்று முன்னரே அறிந்து, மூத்த மகன் இராசாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு நிறுத்தியிருந்தான். எதிரே வந்தவன் இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருட்டிணன். அவனுடன் அவன் மைத்துனனாகிய கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே உயிர் நீத்தான். தலைவன் வீழவே படை சிதறியது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போயிற்று. "கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்" என்று வென்றவனின் ஆட்சியாண்டு இட்டே நம் கோயில்களில் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. 985இல் இராசராசன் முடிசூடும் வரையில், ஒரு தலைமுறைக் காலம், சோழர்க்கு இருள்தான்.

நண்பர்களே, இத்தோல்வியை நமக்குச் சொல்வோருள் சோழரும் உளர் என்பதைக் கருதவேண்டும். ஆலந்து நாட்டு லெய்டன் நகரம் சென்றமையால் லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டில், தம் குலத்து இளவரசன் யானைமேலிருக்கையில் பகைவன் அம்பு மார்பில் பாய இறந்தான் என்று அவர்களே எழுதிவைத்தனர். தென்னாட்டில் அவர்க்கு நிகரில்லை என்னும் நிலை வந்த காலத்து ஏடு அது. நினைத்திருந்தால் அவ்வரியை விட்டிருக்கலாம். விடவில்லை. மேடையேறும் நாம்தான் விட்டுவிடுகின்றோம்.

வென்றவர் எழுதியதை யாம் கண்டது வேறு வகையில். அதைச் சொல்லும்முன் சொந்தச் செய்தி ஒன்று கூறவேண்டும், பொறுத்தருள்க. 2016ஆம் ஆண்டு யாம் பெங்களூருவில் பணியில் இருந்தோம். அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள் காவிரி நீர்ப் பூசலில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் அந்நகரில் எரிக்கப்பெற்றன. அதே நாளில் சென்னையில் கன்னடர் உணவு விடுதி தாக்கப்பெற்றது என்பதையும் உடன் சொல்லவேண்டும். இல்லையேல் ஏடு ஒருபக்கமாகிவிடும். மாலையில் விளக்கை ஏற்றாமல் மனைவி மக்களுடன் உள்ளே அமர்ந்திருந்தோம். வாயிலில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டது. அண்டை வீட்டுக் கௌடர், மத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர், எம் கதவுக்கு முன் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். காவிரிக் கால்வாயை நம்பிய நிலம் அவருடையது. நள்ளிரவு வரை எழவில்லை. எம்மிடம் ஒன்றும் பேசவுமில்லை.

சில திங்கள் கழித்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கையில், "எங்கள் பக்கத்து ஆதகூரில் நாய்க்குக் கல் நட்டிருக்கிறார்கள் சுவாமி, இப்போது இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சென்று கண்டோம். காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருதும் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. பன்றியும் மாண்டது, நாயும் மாண்டது. அந்த நாய் யாருடையது என்று கேட்டீர்களாயின், அங்கேதான் நம் கதை வருகிறது. தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்னும் தலைவன், கிருட்டிண மன்னனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்ற நாய் அது. நாயின் பெருமையைச் சொல்லப் புகுந்த கல், அப்பரிசுக்குக் காரணமான போரையும், பூதுகன் இராசாதித்தனைக் கொன்றதையும், அதற்காக வனவாசி முதலிய நாடுகளைப் பெற்றதையும் கூறுகிறது. பேரரசு ஒன்றின் வீழ்ச்சி ஒரு நாயின் நடுகல்லில் உடனிருக்கிறது!

அக்கல்லின் ஒரு சொல்லை அறிஞர் முதலில் "வஞ்சனையால்" என்று படித்தனர். பின்னர் அது தவறென்று, "அம்பாரியையே போர்க்களமாக்கி" எனத் திருத்தினர். திருத்தம் வந்து நூறாண்டுக்கு மேலாயினும், நம்மவர் சிலர்க்கு இன்றும் முதற்பொருளே இனிக்கின்றது. தோற்றவர்க்கு வஞ்சனை என்னும் சொல் ஆறுதல் போலும்.

கௌடர் கல்லைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். "எங்கள் ஆட்கள் உங்கள் அரசகுமாரனைக் கொன்றிருக்கிறார்களே" என்றார். வருந்திச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா, எமக்குத் தெரியவில்லை. அதன்பின் இருவரும் வெளியே வந்து காப்பி அருந்தினோம். காசு அவர்தான் கொடுத்தார்.

இனி மறுபக்கம். நாம் வாழும் இந்த ஹுப்பள்ளியைச் சேர்ந்த பழைய தார்வார் மாவட்டத்தில் ஹொட்டூர் என்னும் சிற்றூரில் 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பெற்றது. சோழன் ஒன்பது இலட்சம் படையோடு வந்து நாட்டைக் கொள்ளையிட்டு, பெண்டிரையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றான் என்று அது முறையிடுகிறது. படை நடத்தி வந்தவன் இளவரசன் இராசேந்திரன். ஆம், சென்ற ஆண்டு நாம் கைதட்டிய அதே பெருமகன். ஒன்பது இலட்சம் என்பது துன்புற்றவர் கணக்கு, கூடுதலாக இருக்கலாம். பகைவன் கூற்றை அப்படியே ஏற்கவேண்டும் என்றும் யாம் சொல்லவில்லை. ஆனால் தக்கோலத்துக் கல்லை நம்புவேன், ஹொட்டூர்க் கல்லை நம்பமாட்டேன் என்று எந்தக் கணக்கர் எழுதுவார்? முன்னதற்கு நாம் வருந்துவதுபோல், முன் வரிசையில் அமர்ந்திருக்கும் கன்னட நண்பர்கள் பின்னதற்கு வருந்தும் உரிமை உடையவர்கள்.

வென்றோர்க்குத்தான் என்ன நிலைத்தது? கிருட்டிணன் 967இல் மறைந்தான். 972இல் மாளவத்துப் பரமாரர் அவன் தலைநகர் மானியகேடத்தைச் சூறையாடினர். அடுத்த ஆண்டில் இராட்டிரகூட அரசே முடிந்தது. தக்கோலத்துக்குப்பின் கால் நூற்றாண்டுதான்.

அரசர்களை விட எம் நெஞ்சில் தங்கியவர் வேறொருவர். இராசாதித்தனோடு வாழ்ந்த கேரள நாட்டு வல்லபன் என்பவர், தலைவனோடு தாமும் மாளாது போனோமே என்று மனம் வெதும்பி, கங்கையாடித் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் திருவொற்றியூர் மடத்தில் அமர்ந்தார். சோழர் படைத்தலைவன் வெள்ளங்குமரனே இவர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவர் கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறும் கல்வெட்டு யாருடைய ஆட்சியாண்டில் உள்ளது தெரியுமா? கன்னரதேவன் ஆண்டில். தன் தலைவனைக் கொன்றவனின் பெயரைக் கல்லின் தலைப்பில் காண அம்முதியவர் மனம் என்ன பாடுபட்டதோ! அதைப் பற்றி யாரும் மேடையில் பேசக் கேட்டதில்லை.

எம் ஊர்ப் பக்கத்திலும் பின்னாளில் ஒரு பங்கீடு நடந்தது. படாஸ்கர் பரிந்துரைத்தவாறு சட்டமாகி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. கிளர்ச்சியும் சிறையும் இருந்தன. ஆயினும் சக்கரம் எறியப்படவில்லை. எம் அன்னையார் பிறந்தகம் திருத்தணி. தொண்டைமான் பக்கம் தாய்வீடு, வசுதானன் பக்கம் தந்தைவீடு. இப்போது எம் பிள்ளைகள் கன்னடத்தில் கற்று, எமக்கே கடைவீதியில் மொழிபெயர்க்கின்றனர். பாட்டியார் சொன்னது யாருக்கு என்பது இப்போது எமக்கு விளங்குகிறது.

2025இல் தக்கோலத்தில் உள்ள மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையத்துக்கு இராசாதித்த சோழன் பெயர் சூட்டப்பெற்றது. இச்செய்தியைக் கௌடருக்குத் தொலைபேசியில் சொன்னோம். ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். ஆண்டுதோறும் வெல்லம் அனுப்புகிறார். "அப்படியா! அந்த இடத்தை ஒருமுறை பார்க்கவேண்டுமே" என்றார். வரும் தை விடுமுறையில் அழைத்துச் செல்வதாக வாக்களித்துள்ளோம். அரக்கோணத்தில் வண்டி மாறவேண்டும். தக்கோலத்தில் எவ்வெவ் வண்டிகள் நிற்கும் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம்.